கிளிப்

அறிக்கையின் பதினான்காம் பந்தியில் இருந்தது அந்தச் சொல்:
சாட்சியின் பதில்கள் கிளிப் ஆனவை.

தமிழ் எழுத்தில் எழுதினால்
தலைமயிரில் குத்துகிற சாமான்.
பக்கத்தில் பேச்சு என்று வைத்தால்
கிளிப்பேச்சு ஆகிவிடும். அதுவும் இல்லை.
கிளிக்குச் சொல்லிக்கொடுக்க ஆளாவது வேண்டும்.

வெள்ளவத்தை, இரவு பத்தரை.
கடலோர ரயில் ஜன்னலை ஆட்டிவிட்டுப் போகிறது.
பக்கத்துக்கு ஆயிரத்து இருநூறு வாங்கிக்கொண்டு
மொழி மாற்றிக்கொடுக்கிறவள் நான்.
காலையில் கொடுக்க வேண்டும்.

சரளமான, என்கிறது அகராதி.
ஒரு கமா.
பிறகு, மனதில் இருந்து வராத.
அந்தக் கமாவில் கால் வைத்தேன்,
வழுக்கியது.

யாரையும் புகழ இதைச் சொல்ல மாட்டார்களாம்.
காணித் தரகரின் நாக்குக்குச் சொல்லலாம்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று
இருபது நிமிடம் சொல்கிற தொலைபேசிக்குச் சொல்லலாம்.
களனி கங்கை வடிந்து ஒன்பதாம் நாள்
பூட்ஸ் போட்டு வந்து இறங்கிய ஆறுதலுக்கு,
தாராளமாக.

வாய்ச்சாலகம்? அதில் ஒரு கெட்டித்தனம் ஒட்டியிருக்கிறது,
மாமியார்கள் ரகசியமாக ரசிப்பது.
மழுப்பல்? மழுப்புகிறவன் கொஞ்சம் தயங்குவான்.
இது தயங்காது.
நுனிநாக்கு?

நுனிநாக்கு என்று எழுதிவிட்டு
பேனாவை வைத்தேன்.

யோர்க் வீதி, ஐந்தாம் மாடி.
ஏசி சொட்டுகிற இடத்தில் ஒரு சிவப்பு வாளி.
சிங்கப்பூர் கிளையிலிருந்து வந்த
காப்புறுதிக்காரர் பிரஸ்காட்.
எதிரே பாக்கியமலர்,
கிராண்ட்பாஸ் தேயிலைக் களஞ்சியத்தில் பொதி தைத்தவள்,
இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

மெஷினுக்கு மூடி இருந்ததா, என்று கேட்டார்.
கேட்டேன்.

மூடி...
மூடின்னா மிஸ்...
அன்னைக்கு வியாழக்கிழமை. கரண்ட் போய் வந்துச்சு.
(வாளியில் ஒரு சொட்டு.)
ரோஹிணிதான் கத்துனா. நான் கத்தல.
மூடின்னு... அது...
(இன்னொரு சொட்டு. இன்னொன்று.)
நாங்க வந்ததுல இருந்து
அப்படி ஒண்ண பார்த்ததில்ல மிஸ்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்:
பாதுகாப்பு மூடி ஒருபோதும் பொருத்தப்பட்டிருக்கவில்லை.

ஒரே மூச்சில். செயப்பாட்டு வினையில்.
கொன்வென்ட்டில் பரிசு வாங்கிய உச்சரிப்பில்.
வியாழக்கிழமையை விட்டேன், பொருத்தமில்லை என்று.
ரோஹிணியை விட்டேன்.
சொட்டுகளை யார்தான் மொழிபெயர்ப்பார்கள்.
நாற்பத்தொரு கேள்வி, இப்படியே.
பிரஸ்காட் அவள் முகத்தைப் பார்த்து
என் குரலைக் குறித்துக்கொண்டார்.
போகும்போது என்னிடம் கை கொடுத்து,
அருமையான வேலை, என்றார்.

இப்போது பதினான்காம் பந்தி.

சரளமானவை, என்று எழுதினேன்.
கமா போடவில்லை.
மூன்று பக்கம், மூவாயிரத்து அறுநூறு, நன்றி.

செவ்வாய்க்கிழமை புறக்கோட்டை பஸ் தரிப்பிடத்தில்
பின்னால் இருந்து கூப்பிட்டாள்.
தாளை நான்காக மடித்து வைத்திருந்தாள்,
பதினான்கின் கீழ் நீலப் பேனாக் கோடு.
மகன் வாசிச்சுக் காட்டுனான் மிஸ்.
காசு இல்லேன்னுட்டாங்க.
ஆனா நான் சரளமா பேசுனேன்னு போட்டிருக்கே,
நல்லதுதானே? மேல எழுதிக் கேட்டா
அதச் சொல்லலாந்தானே?

நூற்றைம்பத்தைந்து வந்து நின்றது,
நடத்துனர் ஊர்ப் பெயர்களைத் தட்டில் கொட்டினார்.

பாக்கியம், அது வந்து...
அந்தச் சொல்லுன்னா...
அன்னைக்கு நீங்க...

அவள் காத்திருந்தாள்.
பஸ் போய்விட்டது.